தாம்பரத்தில் ஐந்தாகப் பிரியும் நரம்பு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வீட்டில் அதை ஒரு வியாதி மாதிரிப் பேசுவார்கள். "இவ டாக்டரானா பேஷன்ட் எழுந்து ஓடிடுவான்" என்பது என் தம்பி வருஷக்கணக்காகச் சொல்லிவரும் ஜோக். சொல்லிவிட்டுப் போகட்டும். என் கோபத்தால் உருப்படியான காரியம் ஒன்று நடந்திருக்கிறது. நான் பார்த்தே இராத ஊர்களில் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் அதைப் போனில் திறந்துவைத்துப் படிக்கிறார்கள். பெருமையா என்று கேட்டால், ஆமாம், பெருமைதான். அடக்கமாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வராது.

எங்கள் கல்லூரி தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் இருக்கிறது. விடுதிப் பிள்ளைகள், தினமும் வீட்டுக்குப் போய்வருகிற எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இறங்குகிற இடம்தான் பேர். நான் ஊரப்பாக்கம். காலையில் ரயிலேறித் தாம்பரம் வந்து, அங்கிருந்து பஸ். என் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவள் முடிச்சூர். அவள் வீட்டின் கீழ்த்தளம் அந்தப் பெரிய வெள்ளத்தில் முழுகியபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அக்காவின் சர்ட்டிபிகேட், அப்பாவின் பத்திரம், அவளுடைய ஒரு வருஷத்து நோட்டு எல்லாம் கூழாகிவிட்டன. அன்றிலிருந்து அவள் தாளை நம்புவதில்லை. பஸ் டிக்கெட்டைக்கூடப் போட்டோ எடுத்து வைப்பாள் என்று கிண்டல் செய்வோம். எங்கள் வகுப்பின் பாடக் குறிப்புகளை எல்லோரும் சேர்ந்து எழுதுகிற மாதிரி ஓர் இணையதளம் போட்டு ஏற்றியது அவள்தான்.

மூன்றாவது ஆள் இரும்புலியூர். அவனுடைய அத்தாவுக்கு (வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவான்) ஜி.எஸ்.டி. ரோட்டோரம் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பிரேக் ஒயரும் சங்கிலியும் கொக்கியில் தொங்க, நடுவில் ஒரு கல்லாப்பெட்டி. வீட்டில் முதல் டாக்டர் அவன்தான் என்று அவர்கள் தெருவுக்கே தெரியும். நன்றாகப் படம் வரைவான், யாரையும் சிரிக்கவைப்பான், ஆனால் அனாடமி மட்டும் அவனுக்கு மண்டையில் ஏறவில்லை. உடம்பில் எந்த நரம்பு எங்கே புறப்பட்டு எங்கே போகிறது என்பதை அவன் படிப்பான், தூங்கி எழுவான், மறப்பான்.

முதல் வருஷத் தேர்வில் அவன் அனாடமியில் மட்டும் ஃபெயிலானான். மறுதேர்வு இருந்தது. அதிலும் போனால் எங்களோடு இரண்டாம் வருஷத்துக்கு வர முடியாது, ஜூனியர்களோடு உட்கார வேண்டும். அவன் அதற்குத் தயாராக இல்லை.

"இந்த வாட்டி போச்சுன்னா அவ்ளோதான். கடைல போய் உக்காந்துடுவேன்" என்றான் கேன்டீனில். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் கண் சிரிக்கவில்லை.

"சும்மா வாய்ச்சவடால்" என்றேன்.

"அத்தா கல்லா பக்கத்துல ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுட்டாரு. ஒண்ணும் சொல்லல. ஆனா ஸ்டூல் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அந்த மனிதரைப் பற்றித் தப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை விழுந்தால் தாங்க ஓர் இடம் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். ஆனால் அந்த ஸ்டூலைப் பார்க்கப் பார்க்க இவன் ஏற்கெனவே விழுந்துவிட்டதாக நினைக்க ஆரம்பித்திருந்தான்.

மறுதேர்வுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்று இறங்கினேன். இரண்டே நாளில் என் பொறுமை போய்விட்டது. ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பான். குறிப்பைப் படிடா என்றால், "அதைப் படிச்சாலும் புரியல மச்சான்" என்பான். குறிப்பை எழுதியவர்கள் வகுப்பின் முதல் மார்க்குக்காரர்கள், அதில் நானும் உண்டு. கடைசியில் கேன்டீன் மேசையைத் தட்டிக் கத்தினேன்.

"நாங்க எழுதினா உனக்குப் புரியாது, அப்படித்தானே? அப்ப நீயே எழுது! உனக்கு எது புரியலையோ அதை நீ எழுது. தப்பாவே எழுது. நான் வந்து திருத்தறேன்!"

பக்கத்து மேசையில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முடிச்சூர் மட்டும் போனை எடுத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"இது நல்லா இருக்கே" என்றாள் அவள். "புரியாதவங்கதான் எழுதணும். புரிஞ்சவங்க திருத்த மட்டும்தான் வரணும். இதையே விதியா வெச்சுடலாமா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் எரிந்து விழுந்ததை அவள் விதியாக்கினாள். எந்தப் பக்கமும் 'எனக்குப் புரியாதது' என்ற சொற்களோடுதான் தொடங்க வேண்டும். அதன் கீழே தனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படியே எழுத வேண்டும், புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது. தெரிந்தவர்கள் சிவப்பு எழுத்தில் திருத்துவார்கள், ஏன் தப்பு என்பதையும் சொல்வார்கள். தப்பான வரியை யாரும் அழிக்கக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு, முதலில் எழுதியவரே மறுபடி முழுப் பக்கத்தையும் தன் பாஷையில் எழுத வேண்டும். நாங்கள் பேர் வைக்கவில்லை. பிள்ளைகளே அதைச் 'சிவப்பு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஏன் இது வேலை செய்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நன்றாகப் புரிந்தவர்கள் எழுதும்போது, படிக்கிறவன் தடுக்கி விழுகிற இடம் அவர்கள் கண்ணிலேயே படாது. தாண்டிப் போய்விடுவார்கள். விழுந்தவனுக்குத்தான் எங்கே கல் இருக்கிறது என்று தெரியும். இரும்புலியூருக்கு எல்லாக் கல்லும் தெரிந்திருந்தது. அதனால் எங்கள் வகுப்பிலேயே அதிகப் பக்கங்கள் எழுதியவன் அவன்தான்.

முக நரம்பைப் பற்றி அவன் எழுதிய பக்கத்தைத்தான் நான் சொல்ல வந்தேன். மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு, காதுக்குப் பின்னால் எலும்புக்குள் புகுந்து வளைந்து, வெளியே வந்து முகத்தின் தசைகளையெல்லாம் ஆட்டிவைக்கிற நரம்பு அது. வெளியே வந்ததும் கன்னத்தில் இருக்கிற பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைந்து ஐந்து கிளைகளாகப் பிரியும். ஆனால் அந்தச் சுரப்பிக்கு எதுவும் கொடுக்காது. சுரப்பியைச் சுரக்கவைப்பது வேறு நரம்பு. தேர்வாளர்கள் காலங்காலமாகப் பிள்ளைகளை மாட்டிவிடுகிற இடம் இது.

இரும்புலியூர் எழுதினான்: 'எனக்குப் புரியாதது: முக நரம்பு. அது பரோட்டிட் வழியா போவுது. அதனால பரோட்டிட்டுக்கு அதுதான் சப்ளை.'

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சிவப்பில் எழுதினேன்: 'வழியா போனா சப்ளையா? எங்க ஊரப்பாக்கம் வழியா தினம் எத்தனை எக்ஸ்பிரஸ் போவுது, ஒண்ணாவது நிக்குதா? வழிதான் நம்மளது. வண்டி நம்மளது இல்ல.'

அதைப் பார்த்த பிறகு அவனுக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. மறுநாள் காலையில் அந்தப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் பாதை முழுவதையும் வரைந்து, அதன்மேல் முக நரம்பை ஏற்றிவைத்திருந்தான். மூளையில் நரம்பு புறப்படும் இடம் பீச். எலும்புக்குள் நுழையும் வாசல் எழும்பூர். நரம்பு வளைந்து கண்ணீர்ச் சுரப்பிக்கு முதல் கிளை விடுகிற இடம் மாம்பலம். காதுக்குள் இருக்கிற குட்டித் தசைக்குக் கிளை போவது கிண்டி. நாக்கின் ருசிக்குக் கிளை பிரிவது பல்லாவரம். எலும்பை விட்டு வெளியே வரும் துவாரம் சானடோரியம். பரோட்டிட்தான் தாம்பரம். அங்கே வேளச்சேரி ரோடு, அகரம் ரோடு, முடிச்சூர் ரோடு, ஜி.எஸ்.டி.யில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று ஐந்தாகப் பிரித்து, நெற்றியிலிருந்து கழுத்து வரை கொண்டுபோய் விட்டிருந்தான்.

கீழே எழுதியிருந்தான்: 'ஒரு பேஷன்ட்டுக்கு முகம் ஒரு பக்கம் விழுந்துடுச்சுன்னா, எந்தெந்த ஸ்டேஷன்ல ஜனம் வண்டி வராம நிக்குதுன்னு பாரு. எங்க லைன் அறுந்ததுன்னு தெரிஞ்சுடும். சத்தம் தாங்காம காதைப் பொத்திக்கறாரா? அப்ப கிண்டிக்கு முன்னாடியே அறுந்துடுச்சு. காது சரியா இருக்கு, ருசி மட்டும் போச்சா? கிண்டிக்கும் பல்லாவரத்துக்கும் நடுவுல.'

நான் அதை ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். அடப்பாவி என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். தேர்வுக்கு மனப்பாடம் செய்த நான் ஒருநாளும் இப்படி யோசித்ததில்லை. நோயாளியின் முன்னால் நின்று எங்கே பழுது என்று கண்டுபிடிக்க அந்தப் படம் போதும். ஃபெயிலான பையன் வரைந்தது.

ஒரு வாரத்தில் வகுப்பில் பாதிப் பேரின் போனில் அந்தப் படம் இருந்தது. அதன் பிறகுதான் அது எங்கள் அனாடமித் துறைத் தலைவரின் கண்ணில் பட்டது.

மேம் கெட்டவர் இல்லை. கறாரானவர். வகுப்புக்கு ஒரு நிமிஷம் தாமதமானாலும் கதவு சாத்தியிருக்கும். அன்றைக்கு எங்கள் இரண்டாம் வருஷ வகுப்புக்கே வந்து, யாருடைய போனையோ கையில் வைத்துக்கொண்டு, வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி அந்தப் பக்கத்தின் முதல் வரியைப் படித்தார். "பரோட்டிட்டுக்கு அதுதான் சப்ளை." படித்துவிட்டுப் போனை மேசையில் வைத்தார்.

"இதைப் படிச்சிட்டு நாளைக்கு ஒருத்தர் கத்தியைக் கையில எடுப்பார். இது மருத்துவமா, ரயில் டைம்டேபிளா?"

சிரிப்பு எழுந்தது. கடைசி வரிசையில் இரும்புலியூர் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மறுதேர்வுக்காரன், அந்த வகுப்பில் உட்கார அனுமதி வாங்கி வந்திருந்தான். அவன் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். வகுப்பு முடிந்ததும் நேரே துறைக்குப் போய் மேம் அறைக்கதவைத் தட்டினேன். முடிச்சூர் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள், நான் நிற்கவில்லை.

"மேம், நீங்க முதல் வரியை மட்டும் படிச்சீங்க. கீழே இருக்கிற திருத்தத்தைப் படிக்கல."

"எல்லாரும் முதல் வரியைத்தான்மா படிப்பாங்க" என்றார் மேம். "அந்தத் தப்பை அழிச்சிடுங்க. பக்கம் இருக்கட்டும்."

"அழிச்சா, எதுக்குத் திருத்தினோம்னு யாருக்கும் தெரியாது மேம். அடுத்த வருஷம் வர்றவனும் அதே தப்பைத்தான் செய்வான். அவனுக்கு அவனோட தப்பு அங்க இருக்கணும்."

"வாயைக் குறை."

"குறைக்கிறேன் மேம். ஆனா நான் சொல்றது சரிதானே?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"இந்தப் பையன் வைவாவுல, எக்ஸாமினர் முன்னாடி போய் நின்னுக்கிட்டு தாம்பரம்னு சொல்லப் போறான். பாரு" என்றார். "மறுதேர்வு முடியற வரைக்கும் அந்தத் தளத்தை மூடு. அவன் பாஸ் பண்ணினா வா, பேசலாம். ஃபெயிலானா அதோட விட்டுடு."

முடிச்சூர் அன்றே மூடினாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மற்றவர்களுக்குப் பழைய குறிப்புகள் இருந்தன, அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். இரும்புலியூருக்கு இருந்தது அந்தப் பக்கங்கள் மட்டும்தான்.

"விடு மச்சான். பேஜார் பண்ணாத. அத்தா ஸ்டூல் போட்டே வெச்சிருக்காரு" என்றான்.

"அந்த ஸ்டூலைத் தூக்கி ரோட்ல போடப் போறேன் பாரு" என்றேன். "தளத்தைத்தானே மூடச் சொன்னாங்க? ரயிலை மூடச் சொல்லலையே."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் பீச் ஸ்டேஷன் போய், தாம்பரம் வண்டியில் ஏறினோம். விதி இதுதான்: வண்டி ஒரு ஸ்டேஷனில் நிற்கும்போது, அங்கே நரம்பு என்ன செய்கிறது என்று அவன் சொல்லிவிட வேண்டும். கிளம்புவதற்குள் சொல்லாவிட்டால் என்னிடம் திட்டு வாங்க வேண்டும். எதிரே கீரைக்கூடையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மாம்பலம் வந்தது.

"கண்ணீர்!" என்று கத்தினான் இவன்.

"இன்னாத்துக்குபா கண்ணீரு?" என்றார் அந்த அம்மா. "மாம்பலம் வந்துகீது. துணி எடுக்கக் கூட்டினு வந்த பொண்டாட்டி பின்னால போற புருசனுங்க அழுவட்டும், நீ ஏன் அழுவுற?"

பெட்டியே சிரித்தது. கிண்டியில் "காது" என்றான், பல்லாவரத்தில் "ருசி" என்றான். சானடோரியம் நெருங்கும்போது அந்த அம்மாவே, "தம்பி, இதுக்கு இன்னா சொல்லுவ? சொல்லு, கேப்போம்" என்று கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டார். அவன் எழுந்து நின்று, "இங்கதான்மா எலும்பை விட்டு வெளிய வருது" என்றான். தாம்பரத்தில் இறங்கி, ஐந்து விரலையும் கன்னத்தில் விரித்து வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்தான். போகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். எங்களுக்கு என்ன வந்தது?

அதன் பிறகு கை நரம்புக்கு வேளச்சேரி போகும் பஸ், இருதயத்து ரத்தக்குழாய்க்கு எங்கள் ஊரப்பாக்கத்துத் தெருக்கள் என்று சுற்றிக்கொண்டே படித்தோம். தேர்வு நெருங்க நெருங்க அவன் பேச்சில் நரம்பின் பேர் குறைந்து ஸ்டேஷன் பேர் கூடியது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

வைவா அன்று காலையிலேயே போய்விட்டேன். நான் எழுத வேண்டிய தேர்வு இல்லை, ஆனால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வைவா என்றால் நேருக்கு நேர் கேள்வி. உள்ளே எங்கள் மேம் ஒருவர், வேறு ஊர்க் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர். முடிச்சூரும் நானும் வண்டி நிறுத்துமிடத்துப் பக்கம் இருந்த சிமென்ட் கட்டையில் உட்கார்ந்திருந்தோம். அவன் வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"போச்சு" என்றான்.

"என்னடா போச்சு?"

"தாம்பரம்னு சொல்லிட்டேன்."

நான் எழுந்தே விட்டேன். "அறிவிருக்காடா உனக்கு? அந்த ஒரு வார்த்தையைத்தானேடா சொல்லக் கூடாது!"

அவன் கட்டையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, நடந்ததைச் சொன்னான். வெளியூர்த் தேர்வாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். முக நரம்பு எங்கே பிரிகிறது என்று கேட்டிருக்கிறார். இவன் வாய் முந்திக்கொண்டு, "தாம்பரத்துல சார், அஞ்சா" என்றிருக்கிறது. மேம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

"அதென்னங்க தம்பி தாம்பரம்?" என்று கேட்டாராம் அவர்.

"எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு, முடிஞ்சுதுன்னு" என்றான் இரும்புலியூர். "இனிமே போறதுக்கு என்ன இருக்குன்னு பென்சிலை எடுத்தேன். பீச்சுலேர்ந்து போட்டுட்டேன்."

"முழுசா?"

"முழுசா. அவரு கேட்டாரு, தாம்பரம் வழியா போவுதே, தாம்பரத்துக்கு என்ன குடுக்குதுன்னு. ஒண்ணும் குடுக்காது சார், வழிதான் அதோடது, வண்டி அதோடது இல்ல, அதுக்கு ஒன்பதாவது நரம்பு, அது வேற லைன்னேன். அப்புறம், ஒருத்தருக்கு முகம் விழுந்துடுச்சு, ருசி தெரியுது, காதும் சரியா இருக்கு, எங்க பழுதுன்னாரு. பல்லாவரம் தாண்டிடுச்சு சார், சானடோரியம் பக்கம்னேன். சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கினு, ஸ்டைலோமாஸ்டாய்ட் துவாரத்துல சார்னு சொன்னேன்."

"எல்லாம் சரிடா!" என்றாள் முடிச்சூர்.

"சரிதான். ஆனா தாம்பரமும் சொன்னேனே. மேம் சொன்ன மாதிரியே சொன்னேனே. அவங்க என் மூஞ்சியே பாக்கல." அவன் குரல் உடைந்துவிட்டது. அவன் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. திட்ட வாய் வரவில்லை. அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

ரிசல்ட் வரும் நாளில் அவன் போனையே எடுக்கவில்லை. முடிச்சூரும் நானும் கடைக்கே போய்விட்டோம். கல்லாவில் அவன் அத்தா இருந்தார். பக்கத்தில் அந்த நீல நிறப் பிளாஸ்டிக் ஸ்டூலில் இவன் உட்கார்ந்து ஸ்பார்க் பிளக் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எழுந்திருடா முதல்ல" என்றேன்.

"ரிசல்ட்டைப் பாத்துட்டியா?"

"நீ எழுந்திருன்னா எழுந்திரு!"

அவன் எழுந்தான். முடிச்சூர் போனை அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். அவன் பார்த்தான். டப்பா கையிலிருந்து விழுந்தது. பிளக்குகள் ரோடு வரை உருண்டன. ஒருவரும் பொறுக்கவில்லை.

"என்னப்பா?" என்றார் அவன் அத்தா.

"பாஸ் அத்தா."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கல்லாவைத் தாண்டி வந்து, அந்த ஸ்டூலைத் தோளில் கிடந்த துண்டால் தட்டி, என் பக்கம் நகர்த்தினார்.

"உக்காரும்மா. இது இப்ப காலி. டீ சொல்றேன்" என்றார்.

நான் உட்கார்ந்தேன். அதுவரைக்கும் யாரிடமும் அழாதவள், டீ வருகிற வரைக்கும் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். இன்றுவரை எனக்குக் கிடைத்த எந்தப் பரிசும் அந்த ஸ்டூலுக்கு ஈடில்லை.

மறுநாள் மேம் அறைக்குப் போனேன். அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"அந்த ரயில் படம் எங்க கிடைக்கும்னு வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் என்னைக் கேட்டார்" என்றார். "எங்க பசங்க செஞ்சதுன்னு சொன்னேன்."

'எங்க பசங்க' என்று அவர் சொன்னது எனக்குள் மணி அடித்த மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது.

"திறந்துடு. ஆனா தப்பான வரிக்கு மேல, இது தப்பு, கீழே படின்னு பெரிசா போடு. நான் சொன்னதுலயும் நியாயம் இருக்கு."

"இருக்கு மேம்" என்றேன். இருந்தது. அன்றே போட்டோம். சில நாள் கழித்து அந்தப் பக்கத்தில் புதிதாக ஒரு சிவப்பு வரி இருந்தது. ஐந்து கிளைகளில் இரண்டின் இடத்தைச் சற்று மாற்றி வரையச் சொல்லி, ஏன் என்றும் எழுதியிருந்தார் மேம். இரும்புலியூர் அதைப் பார்த்துவிட்டுக் கல்லூரி முழுக்கத் தம்பட்டம் அடித்தான்.

இப்போது நாங்கள் பயிற்சி மருத்துவர்கள். தளத்தை ஜூனியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். வேறு ஊர்க் கல்லூரிப் பிள்ளைகளும் அதில் எழுதுகிறார்கள். விதி மாறவில்லை. புரியாதவர்தான் எழுதுகிறார், தப்பை யாரும் அழிப்பதில்லை. போன மாதம் வார்டில் வாய் கோணிப்போன ஓர் ஆட்டோக்கார அண்ணாவைப் பார்த்தோம். பக்கவாதம் என்று அவர் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தார். இரும்புலியூர் அவரை நெற்றியைச் சுருக்கச் சொன்னான், சத்தம் கேட்கிறதா, ருசி தெரிகிறதா என்றெல்லாம் கேட்டான். பிறகு, "அண்ணா, இது மூளைல இல்ல. லைன் வெளிய வர்ற எடத்துல நரம்பு வீங்கியிருக்கு. பெரிய டாக்டர் வந்து பாப்பாரு, பயப்படாத" என்றான். எங்கள் மருத்துவர் வந்து பார்த்து, அதையே சொன்னார். எனக்கு அவன் காலரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது, சந்தோஷத்தில்தான்.

போன வாரம் தளத்தில் யாரோ புதிதாக ஒரு பக்கம் தொடங்கியிருந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து முதல் வருஷ மாணவி. மூன்றே வரி.

'எனக்குப் புரியாதது: தாம்பரம். எங்கள் சார் வகுப்பில் அடிக்கடி சொல்கிறார். அட்லஸ் முழுக்கத் தேடினேன், இப்படி ஓர் உறுப்பு கிடைக்கவில்லை.'

நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பதில் எழுதலாம் என்று திறந்தால், எனக்கு முன்பே சிவப்பில் பதில் வந்திருந்தது. யார் எழுதியது என்று பேரைப் பார்க்க வேண்டியதே இல்லை.

'தாம்பரம் உடம்புல இல்லம்மா, எங்க ஊரு. நரம்புல அதுக்குப் பேரு பரோட்டிட், அஞ்சா பிரியற எடம். நேர்ல பாக்கணும்னா ரயிலேறி வா. எறங்கி ஜி.எஸ்.டி. ரோட்ல இரும்புலியூர் பக்கம் வந்தா ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கல்லாவுல எங்க அத்தா இருப்பாரு. நான் வார்டுல இருப்பேன். பக்கத்துல ஒரு நீல ஸ்டூல் காலியா இருக்கும், உக்காந்து டீ சாப்பிடு.'